கேம் நடுவே கறுப்பாகும் ஸ்கிரீன்.. கிராபிக்ஸ் கார்டு போச்சா? பவர் பிரச்சனையா? வீட்டிலேயே கண்டுபிடிப்பது எப்படி?

காசு சேர்த்து, பார்ட் பார்ட்டா வாங்கி அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர். பிரவுசர் ஓடுது, படம் ஓடுது, எல்லாம் ஓகே. ஆனால் கேமை திறந்து பத்து நிமிடம் ஆனதும் ஸ்கிரீன் கறுப்பாகிறது. இல்லையென்றால் கல்யாண வீடியோவை ரெண்டர் போட்டதும் சிஸ்டம் பட்டென்று ஆஃப் ஆகிறது. உடனே நமக்குத் தோன்றுவது, "கிராபிக்ஸ் கார்டு போயிடுச்சு".

அவசரப்பட வேண்டாம். பல நேரங்களில் கார்டு நன்றாகவே இருக்கும். அதற்குப் போக வேண்டிய கரண்ட் சரியாகப் போகாததுதான் சிக்கலாக இருக்கும். தர்மபுரி மாவட்டம் அதியமான்கோட்டை மாதிரியான ஊர்களில் பார்ட் வாங்க சேலமோ பெங்களூருவோ போக வேண்டும், அல்லது ஆன்லைனில் ஆர்டர் போட வேண்டும். காரணம் தெரியாமல் 30 ஆயிரம் ரூபாய் கார்டை மாற்றிவிட்டு, அதே பிரச்சனை திரும்ப வந்தால் நஷ்டம் நமக்குத்தான். எனவே எதை முதலில் பார்ப்பது, எதை அடுத்து பார்ப்பது என்பதை விரிவாகப் பார்க்கலாம்.

கார்டுக்கு கரண்ட் எந்த வழியில் வருகிறது?

வீட்டு பிளக்கில் இருந்து 230 வோல்ட் ஏசி வருகிறது. கேபினட்டுக்குள் இருக்கும் எஸ்எம்பிஎஸ் அதை 12 வோல்ட் டிசியாக மாற்றுகிறது. அந்த 12 வோல்ட் இரண்டு வழியாக கார்டுக்குப் போகிறது.

ஒன்று, மதர்போர்டில் கார்டு செருகப்பட்டிருக்கும் ஸ்லாட். இதன் வழியாக அதிகபட்சம் 75 வாட் எடுக்கலாம்.

இரண்டு, எஸ்எம்பிஎஸ்ஸில் இருந்து நேராக வரும் ஒயர். 6 பின் கனெக்டர் என்றால் 75 வாட். 8 பின் என்றால் 150 வாட். புது பெரிய கார்டுகளில் வரும் 16 பின் கனெக்டர் என்றால் 600 வாட் வரை.

ஜிடிஎக்ஸ் 1650 மாதிரி 75 வாட் கார்டுகளில் சில மாடல்களுக்குத் தனி ஒயரே தேவையில்லை. ஆர்டிஎக்ஸ் 4060-க்கு 115 வாட், ஆர்டிஎக்ஸ் 3060-க்கு 170 வாட், ஆர்டிஎக்ஸ் 4090-க்கு 450 வாட், ஆர்டிஎக்ஸ் 5090-க்கு 575 வாட் என்று கம்பெனி சொல்கிறது.

கார்டு எப்போதும் இவ்வளவு இழுத்துக்கொண்டே இருக்காது. சும்மா இருக்கும்போது வேகத்தைக் குறைத்து கொஞ்சமாக எடுக்கும். வேலை வந்ததும் ஒரே தாவலாக மேலே போகும். இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் பவர் மேனேஜ்மென்ட் என்கிறார்கள். பிரச்சனை பெரும்பாலும் இந்தத் தாவலின்போதுதான் வெளியே வருகிறது. பிரவுசரில் ஓகே, கேமில் அவுட் ஆவதற்குக் காரணம் இதுதான்.

அறிகுறி என்ன சொல்கிறது?

சிஸ்டம் எப்படி நின்றது என்பதைக் கவனித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

- மொத்தமாக ஆஃப் ஆகிறது அல்லது ரீஸ்டார்ட் ஆகிறது: எஸ்எம்பிஎஸ் மீதோ, வீட்டு கரண்ட் மீதோ சந்தேகம். பவர் பட்டனை அழுத்தினாலும் ஆன் ஆகாமல், சுவர் ஸ்விட்சை ஆஃப் செய்து கொஞ்ச நேரம் கழித்துப் போட்டால்தான் உயிர் வருகிறது என்றால், எஸ்எம்பிஎஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள தானே டிரிப் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம்.
- ஸ்கிரீன் மட்டும் கறுப்பு, சத்தம் கேட்கிறது, கார்டு ஃபேன் முழு வேகத்தில் கத்துகிறது: கார்டு வேலையை நிறுத்திவிட்டது. கனெக்டர், ஒயர், கார்டு என்ற வரிசையில் பாருங்கள்.
- ஸ்கிரீன் ஒரு நொடி போய் திரும்ப வருகிறது, கேம் மட்டும் மூடிவிடுகிறது: டிரைவர் பக்கம் முதலில் பாருங்கள். கார்டு 2 நொடிக்கு மேல் பதில் சொல்லவில்லை என்றால் விண்டோஸ் டிரைவரை ரீசெட் செய்துவிடும்.
- நிற்கவில்லை, ஆனால் வேகம் திடீரென்று சரிகிறது: பவர் லிமிட், சூடு அல்லது செட்டிங்.
- ஸ்லீப் போட்டால் திரும்ப எழுவதில்லை: விண்டோஸ் பவர் செட்டிங், பயாஸ்.
- சும்மா இருக்கும்போது ஃபேன் சுற்றவே இல்லை: பயப்பட வேண்டாம். பல புது கார்டுகள் சூடு குறைவாக இருந்தால் ஃபேனை நிறுத்தியே வைக்கும்.

விண்டோஸ் எழுதி வைத்திருக்கும் டைரி

ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்து, ஈவென்ட் வியூவர் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதில் சிஸ்டம் என்று போங்கள். சிஸ்டம் நின்ற நேரத்தில் என்ன பதிவாகி இருக்கிறது என்று பாருங்கள்.

'கெர்னல்-பவர் 41' என்று இருந்தால், விண்டோஸ் முறையாக ஷட்டவுன் ஆகவில்லை என்று மட்டுமே அர்த்தம். ஏன் என்று அது சொல்லாது. இதைப் பார்த்ததும் "எஸ்எம்பிஎஸ் அவுட்" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கரண்ட் கட் ஆனாலும் இதே பதிவுதான் வரும்.

'டிஸ்பிளே 4101' என்றால் டிரைவர் பதில் சொல்லாமல் நின்று, மீண்டும் எழுந்திருக்கிறது. 'டபிள்யூஹெச்இஏ லாகர் 17' வரிசையாக வந்தால், கார்டுக்கும் மதர்போர்டுக்கும் இடையிலான இணைப்பில் சிக்கல் இருக்கலாம். கார்டை கழற்றி மீண்டும் செருகிப் பாருங்கள். ரைசர் கேபிள் போட்டிருந்தால் அதை எடுத்துவிட்டு சோதியுங்கள்.

செலவே இல்லாத முதல் டெஸ்ட்

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளில் 'பவர் லிமிட்' என்று ஒரு ஸ்லைடர் இருக்கும். ஏஎம்டி கார்டு என்றால் அதன் சொந்த அட்ரினலின் மென்பொருளிலும் இது இருக்கிறது. அதை 100-ல் இருந்து 70 அல்லது 80 சதவீதத்துக்கு இறக்குங்கள். குறைந்தபட்ச அளவு கார்டுக்கு கார்டு மாறும். இப்போது அதே கேம், அதே ரெண்டர்.

பிரச்சனை நின்றுவிட்டால், கார்டு முழு பவரை இழுக்கும்போதுதான் சிக்கல் என்று புரிந்துவிடும். அடுத்து எஸ்எம்பிஎஸ், ஒயர், சூடு ஆகியவற்றைப் பாருங்கள். பவரைக் குறைத்த பிறகும் அப்படியே நிற்கிறது என்றால் டிரைவர், ரேம் அல்லது கார்டில் சந்தேகம் கூடுகிறது.

கூடவே ஜிபியு-இசட் என்ற மென்பொருளில் சென்சார்ஸ் பக்கத்தைத் திறந்து வையுங்கள். 'பெர்ஃப்கேப் ரீசன்' என்ற வரியில், கார்டு ஏன் வேகத்தை அடக்கி வைத்திருக்கிறது என்று காட்டும். பவர் என்று வந்தால் லிமிட்டைத் தொட்டுவிட்டது. தெர்மல் என்றால் சூடு. ஐடில் என்றால் வேலையே இல்லை. முழு லோடில் பவர் என்று வருவது சாதாரணம். அது பழுது இல்லை.

ஒரு எச்சரிக்கை. ஃபர்மார்க் மாதிரி டெஸ்ட் ஒரே சீராக லோடு கொடுக்கும். கேம் அப்படி இல்லை, நொடிக்கு நொடி ஏறி இறங்கும். அதனால் ஃபர்மார்க் அரை மணி நேரம் ஓடியது என்பதற்காக எஸ்எம்பிஎஸ் நல்லது என்று சான்றிதழ் கொடுத்துவிட முடியாது.

'450 வாட்' என்று போட்டிருக்கே.. பிறகென்ன?

இங்குதான் பலர் ஏமாறுகிறார்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியில் பெரிதாக இருக்கும் எண்ணை விட, பக்கவாட்டு ஸ்டிக்கரில் சின்ன எழுத்தில் இருப்பதுதான் முக்கியம். +12 வோல்ட் என்ற இடத்தில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள்.

உதாரணத்துக்கு, 450 வாட் என்று எழுதிய ஒரு மலிவு எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட்டுக்கு 18 ஆம்பியர் என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 12 × 18 = 216 வாட். அவ்வளவுதான். மீதி எல்லாம் 5 வோல்ட், 3.3 வோல்ட் கணக்கில் காட்டியது. ஆர்டிஎக்ஸ் 3060-க்கு 170 வாட், பிராசஸருக்கு ஒரு 80 வாட் என்றாலே 250 வந்துவிடுகிறது. இது எப்படித் தாங்கும்? இந்தக் கார்டுக்கு 550 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்று என்விடியா பரிந்துரைப்பது சும்மா இல்லை.

80 பிளஸ் பிரான்ஸ், கோல்டு என்ற முத்திரைகள், எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் கம்ப்யூட்டருக்குப் போகிறது என்பதைத்தான் சொல்கின்றன. உள்ளே உள்ள பாதுகாப்புக்கு அது முழு உத்தரவாதம் இல்லை.

பெரிய கார்டுகள் கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவாக, தங்கள் அளவைத் தாண்டி ஒரு இழு இழுக்கும். இந்தப் பிரச்சனைக்காகத்தான் 2022-ல் ஏடிஎக்ஸ் 3.0 என்ற புது விதிமுறை வந்தது. பெரிய கார்டு வாங்குகிறவர்கள் இந்த வகை எஸ்எம்பிஎஸ் எடுப்பது நல்லது.

ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் லோடு போட்டு 12 வோல்ட் வரியையும் பார்க்கலாம். பொதுவான விதி 5 சதவீதம் கூடக்குறைய. அதாவது 11.4 முதல் 12.6 வரை. மதர்போர்டு சென்சார் சில நேரம் தப்பாகக் காட்டும், ஆகவே சந்தேகம் வந்தால் மல்டிமீட்டரில் உறுதி செய்யச் சொல்லுங்கள்.

ஒயரில் செய்யக் கூடாத 4 விஷயங்கள்

1. ஒரே ஒயரில் இரண்டு வால்: கார்டில் இரண்டு 8 பின் இருந்தால், எஸ்எம்பிஎஸ்ஸில் இருந்து இரண்டு தனித்தனி ஒயர் கொடுங்கள். ஒரே ஒயரில் தொங்கும் இரண்டு கனெக்டரை மாட்டினால் முழு சுமையும் ஒரு ஒயர் மேல் விழும்.
2. சாட்டா கன்வெர்ட்டர்: ஹார்டு டிஸ்க் ஒயரில் இருந்து 6 பின் எடுக்கும் மலிவு கன்வெர்ட்டர்கள் கிடைக்கின்றன. சாட்டா கனெக்டர் 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட். 6 பின் கேட்பது 75 வாட் வரை. உருகுவதற்கு வேறு காரணமே வேண்டாம்.
3. வேறு எஸ்எம்பிஎஸ் ஒயரை மாட்டுவது: கழற்றி மாட்டும் மாடுலர் ஒயர்கள் கம்பெனிக்கு கம்பெனி, சில நேரம் மாடலுக்கு மாடல் மாறும். பின் பொருந்துகிறதே என்று மாட்டினால், வோல்டேஜ் தப்பான இடத்துக்குப் போய் மொத்த சிஸ்டமும் போகலாம்.
4. சிபியு 8 பின்னை கார்டில் திணிப்பது: இரண்டும் 8 பின்தான், ஆனால் பாசிட்டிவும் கிரவுண்டும் தலைகீழ். உள்ளே போகவில்லை என்றால் அழுத்தாதீர்கள்.

உலகமே பார்த்த 3 சம்பவங்கள்

பவர் சிக்கல் நம் ஊர் மலிவு பார்ட்டில் மட்டும்தான் வரும் என்று நினைக்க வேண்டாம். பெரிய கம்பெனிகளே மாட்டிக்கொண்ட கதை இருக்கிறது.

2016, ஏஎம்டி ஆர்எக்ஸ் 480: ஜூன் 29-ல் வெளிவந்த இந்தக் கார்டில் ஒரே ஒரு 6 பின் கனெக்டர்தான். சோதித்துப் பார்த்தவர்கள், கார்டு ஸ்லாட்டில் இருந்தே 75 வாட் எல்லையைத் தாண்டி எடுப்பதைக் கண்டுபிடித்தார்கள். மதர்போர்டுக்கு ஆபத்தாச்சே என்று சர்ச்சையானது. ஜூலை முதல் வாரத்திலேயே ஏஎம்டி புது டிரைவர் விட்டு, ஸ்லாட்டின் சுமையைக் குறைத்தது. பார்ட் மாற்றவில்லை, டிரைவரிலேயே முடிந்தது.

2020, என்விடியா ஆர்டிஎக்ஸ் 3080: செப்டம்பரில் வந்த சில நாட்களிலேயே, கார்டு உச்ச வேகத்துக்குப் போகும்போது கேம்கள் மூடிவிடுவதாகப் புகார்கள் குவிந்தன. மாத இறுதியில் வந்த 456.55 டிரைவர் போட்டதும் பலருக்குச் சரியானது. டிரைவரை அப்டேட் செய்யாமல் கார்டைக் குறை சொல்லக் கூடாது என்பதற்கு இது உதாரணம்.

2022, என்விடியா ஆர்டிஎக்ஸ் 4090: அக்டோபரில் விற்பனைக்கு வந்த இந்தக் கார்டின் புது 16 பின் கனெக்டர் உருகிய படங்கள் இணையத்தில் பரவின. உலகம் முழுக்க சுமார் 50 புகார்கள் வந்ததாகவும், கனெக்டர் முழுதாக உள்ளே செருகப்படாதது முக்கியக் காரணம் என்றும் நவம்பரில் என்விடியா சொன்னது. பின்னர் கனெக்டரையே திருத்தி, சரியாக உட்காரவில்லை என்றால் பவர் போகாதபடி 12வி-2×6 என்ற வடிவம் கொண்டுவந்தார்கள். அப்படியும் 2025 பிப்ரவரியில் ஆர்டிஎக்ஸ் 5090-லும் உருகிய புகார்கள் எழுந்தன.

ஏன் இப்படி? கணக்குப் போட்டுப் பாருங்கள். 8 பின் கனெக்டரில் 150 வாட் என்றால் 12.5 ஆம்பியர். அதை மூன்று பின் பங்கிட்டால் ஒன்றுக்கு சுமார் 4 ஆம்பியர். 16 பின்னில் 600 வாட் என்றால் 50 ஆம்பியர். ஆறு பின் பங்கிட்டால் ஒன்றுக்கு 8 ஆம்பியருக்கும் மேல். பின் சின்னது, சுமை இரண்டு மடங்கு. ஒரு பின் சரியாகத் தொடவில்லை என்றால் அதன் பங்கும் மற்ற பின்கள் தலையில்தான்.

எனவே 16 பின் கார்டு வைத்திருப்பவர்கள், கனெக்டரை இடைவெளி தெரியாதபடி முழுதாக அழுத்திச் செருகுங்கள். கனெக்டரை ஒட்டியே ஒயரை மடக்காதீர்கள். கேபினட் கதவு ஒயரை அழுத்தக் கூடாது. பிளாஸ்டிக் கருகும் வாசம் வந்தால் அந்த நிமிடமே சுவர் ஸ்விட்சை ஆஃப் செய்யுங்கள்.

லோ வோல்டேஜ் வந்தால் என்ன ஆகும்?

நம்ம ஊரில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். விதிப்படி 6 சதவீதம் வரை கூடவோ குறையவோ செய்யலாம். அதாவது சுமார் 216 முதல் 244 வரை. டிரான்ஸ்பார்மரில் இருந்து லைன் முடியும் இடத்தில் வீடு இருந்து, அந்த லைனில் மோட்டார்கள் ஒன்றாக ஓடும் நேரமும் சேர்ந்தால், அதற்கும் கீழே போகலாம்.

பல்பு என்றால் லோ வோல்டேஜில் மங்கலாக எரியும். எஸ்எம்பிஎஸ் அப்படி இல்லை. கேட்ட வாட்டை எப்படியும் கொடுக்கப் பார்க்கும். 400 வாட்டுக்கு, 230 வோல்ட்டில் 1.7 ஆம்பியர் போதும். 170 வோல்ட் ஆனால் 2.35 ஆம்பியர் இழுக்க வேண்டும். உள்ளே சூடு ஏறும், ஒரு கட்டத்தில் டிரிப் ஆகும். இதனால்தான் சாயந்திரம் மட்டும் கேம் நிற்கிறது, நடுராத்திரி நன்றாக ஓடுகிறது என்ற குழப்பம் வருகிறது.

எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரில் இன்புட் என்ற இடத்தைப் பாருங்கள். 100-240 என்று இருந்தால் லோ வோல்டேஜை ஓரளவு தாங்கும். 200-240 என்று மட்டும் இருந்தால் நம் பக்கம் கஷ்டம்தான்.

பிரச்சனை வந்த நேரத்தை ஒரு வாரம் நோட்டில் எழுதி வையுங்கள். தினமும் ஒரே நேரம் என்றால், அந்த நேரத்தில் ஒயர்மேனை அழைத்து வோல்டேஜ் அளக்கச் சொல்லுங்கள். குறைவாக இருந்தால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-ல் புகார் அளிக்கலாம்.

யுபிஎஸ், இன்வெர்ட்டர்.. இதையும் பாருங்க

கரண்ட் போன நொடியில் மட்டும் சிஸ்டம் ஆஃப் ஆனால் கார்டைத் தொடவே வேண்டாம்.

சாதாரண 600 விஏ யுபிஎஸ்களில் பல 360 வாட் வரைதான் தாங்கும். விஏ வேறு, வாட் வேறு. கேம் ஓடும்போது சிஸ்டமும் மானிட்டரும் சேர்ந்து 330 வாட் எடுத்தாலே அது விளிம்பில் நிற்கும். கரண்ட் போனதும் யுபிஎஸ் கத்திவிட்டுக் கட் ஆகும்.

வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுகிறவர்கள், அதன் பின்னால் யுபிஎஸ் மோடு ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத மோடில் மாறுவதற்கு எடுக்கும் நேரத்துக்குள் கம்ப்யூட்டர் ஆஃப் ஆகிவிடலாம். ஸ்குயர் வேவ் இன்வெர்ட்டரில் சில நல்ல எஸ்எம்பிஎஸ்கள் கூட தகராறு செய்யும். சைன் வேவ் இருந்தால் நல்லது.

கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிறதா? எர்த் சரியில்லை. தர்மபுரி பக்கம் பாறையும் வறண்ட மண்ணும் அதிகம். காய்ந்த மண்ணில் எர்த் சரியாக வேலை செய்யாது. வெயில் காலத்தில் எர்த் குழிக்கு தண்ணீர் ஊற்றுவதும், மூன்று பின் பிளக்கை இரண்டு பின் சாக்கெட்டில் போடாமல் இருப்பதும் அவசியம்.

சரிபார்க்க வேண்டிய செட்டிங்ஸ்

- கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் போய், பிசிஐ எக்ஸ்பிரஸ் கீழே 'லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்ட்' என்பதை ஆஃப் செய்யுங்கள். ஸ்லீப்பில் இருந்து எழாத பிரச்சனைக்கு முதலில் செய்ய வேண்டியது இது. கூடவே ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் ஆஃப் செய்து பாருங்கள்.
- என்விடியா கண்ட்ரோல் பேனலில் 'பவர் மேனேஜ்மென்ட் மோடு' இருக்கும். வேகம் ஏறி இறங்கித் திணறும் கேமுக்கு மட்டும் 'பிரிஃபர் மேக்சிமம் பெர்ஃபார்மன்ஸ்' கொடுங்கள். மொத்த சிஸ்டத்துக்கும் கொடுத்தால் சும்மா இருக்கும்போதும் கரண்ட் வீண்.
- டிரைவரில் சந்தேகம் என்றால், டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் மூலம் சேஃப் மோடில் பழையதைத் துடைத்துவிட்டு, கம்பெனி தளத்தில் இருந்து புதிதாகப் போடுங்கள்.
- ஓவர்கிளாக் எதுவும் செய்திருந்தால் முதலில் அதை எடுங்கள்.

செகண்ட் ஹேண்ட் கார்டா? கூடுதல் கவனம்

2022 செப்டம்பர் 15-ல் எத்தீரியம் கிரிப்டோ தன் முறையை மாற்றியதும், அதற்காக இரவு பகலாக ஓடிய கார்டுகள் பழைய சந்தைக்கு வந்தன. இதில் ஆர்எக்ஸ் 570, 580 மாதிரி கார்டுகளில் பயாஸை மாற்றி எழுதியிருப்பார்கள். மைனிங்குக்கு ஓடும், கேமுக்கு நிற்கும். வாங்கும்போதே ஜிபியு-இசட்டில் பயாஸ் எண்ணைப் பார்த்து, ஒரிஜினலா என்று ஒப்பிடுங்கள். கனெக்டர் துளைகளில் மஞ்சளோ பழுப்போ தெரிந்தால் வாங்க வேண்டாம்.

கரண்ட் பில்லும் இருக்கு

450 வாட் இழுக்கும் சிஸ்டம் தினமும் 4 மணி நேரம் ஓடினால் 1.8 யூனிட். இரண்டு மாத பில்லுக்கு 108 யூனிட். வீடுகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டை இந்த ஒரு கம்ப்யூட்டரே தாண்டிவிடும். பவர் லிமிட்டை 80 சதவீதத்தில் வைத்தால் பல கார்டுகளில் கேம் வேகம் கொஞ்சம்தான் குறையும். சூடும் பில்லும் அதைவிட அதிகமாகக் குறையும்.

கடைசியாக எந்த வரிசையில் செய்வது?

1. எப்படி நின்றது, எப்போது நின்றது என்று எழுதுங்கள்.
2. ஈவென்ட் வியூவர் பாருங்கள்.
3. பவர் லிமிட்டை இறக்கி சோதியுங்கள்.
4. டிரைவரைச் சுத்தமாக மாற்றுங்கள்.
5. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒயர், கனெக்டர், கார்டு எல்லாவற்றையும் கழற்றி மீண்டும் மாட்டுங்கள்.
6. வேறு அறையில் வேறு சாக்கெட்டில், யுபிஎஸ் இல்லாமல் ஓட்டிப் பாருங்கள்.
7. நண்பரிடமோ கடையிலோ நல்ல எஸ்எம்பிஎஸ் கடன் வாங்கி, அதன் சொந்த ஒயர்களுடன் சோதியுங்கள்.
8. உங்கள் கார்டை இன்னொரு நல்ல சிஸ்டத்தில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் நின்றால்தான் கார்டில் பழுது.

எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் ஆளைத் தூக்கி அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும்.

கனெக்டர் உருகியிருந்தால் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டாம். அப்படியே போட்டோ எடுத்து, பில்லும் சீரியல் எண்ணும் சேர்த்து வாரண்டி கேளுங்கள். கடையோ கம்பெனியோ காரணம் சொல்லாமல் மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுக்கலாம்.